திறந்தமூலத் திட்டத்துக்கு ஆள் கேட்கும்போது என்னவெல்லாம் சொல்ல வேண்டும்?

முதலில் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன நூலகங்களுக்கான புத்தகப் பட்டியல் மென்பொருள் ஒன்றை இரண்டு வருடமாகத் தனியாளாக எழுதி வருகிறீர்கள். திறந்தமூலம்தான், கோட் எல்லாம் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. "சேவை மனப்பான்மை உள்ள டெவலப்பர்கள் தேவை, பைத்தான் தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும்" என்று மூன்று இடங்களில் போட்டீர்கள். பதினொரு பேர் வந்து வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார்கள், ஆளுக்கொரு வணக்கம் போட்டார்கள், இரண்டு மாதம் ஆகியும் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி கோட் வரவில்லை. அறிவிப்பில் வேறு என்ன எழுதியிருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சரியான ஆட்கள் வந்திருப்பார்களா என்று கேட்கிறீர்கள். ஆனால் ஆட்கள்தான் வந்தார்களே! சம்பளமில்லாத வேலைக்குப் பதினொரு பேரை வரவழைத்த அறிவிப்பை மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். வந்தவர்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்குத்தான் பெரும்பாலும் பதில் எழுதப் போகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பாமினி, டாம், டிஸ்கி மாதிரி பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன லைப்ரரியை (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) பன்னிரண்டு வருடமாகப் பராமரித்து வருகிறேன். இதுவரை ஏதாவது ஒரு திருத்தம் அனுப்பியவர்கள் அறுபது எழுபது பேர் இருப்பார்கள், ஒரு வருடத்துக்கு மேல் நிலைத்தவர்கள் நான்கே பேர். ஆக, எனக்கு நேரடியாகத் தெரிந்தது சின்னத் திட்டங்கள்தான். கம்பெனிகள் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் திட்டங்களின் கணக்கு வேறு, அங்கே இதை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

ஆள் கேட்கும் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக்காட்டுவது 1996 அக்டோபர் 14 அன்று மத்தியாஸ் எட்ரிச் எழுதியதைத்தான். அப்போது அவர் ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர். லினக்ஸ் இயங்குதளத்தில் இன்றும் பலர் பயன்படுத்தும் கேடிஈ டெஸ்க்டாப் அந்த ஒரு அறிவிப்பில்தான் தொடங்கியது. தலைப்பிலேயே புரோகிராமர்கள் தேவை என்று இருக்கும். உள்ளே போனால் முதலில் யாருக்காக இதைச் செய்கிறோம் என்று சொல்கிறார்: சிஸ்டத்தை நோண்டத் தெரியாத சாதாரணப் பயனருக்காக. அப்புறம் எந்தக் கருவியில் எழுதப் போகிறோம் என்கிறார், க்யூடி லைப்ரரி. எந்த உரிமத்தில் என்கிறார், ஜிபிஎல், அதாவது மாற்றி வெளியிட்டாலும் கோடைத் திறந்தே வைக்கச் சொல்லும் உரிமம். அதற்கப்புறம் வருவதுதான் முக்கியம், ஒரு டெஸ்க்டாப்புக்கு என்னென்ன உதிரிகள் வேண்டும் என்று பேனல், ஃபைல் மேனேஜர், மெயில், டெக்ஸ்ட் எடிட்டர், விளையாட்டுகள் என ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் சில வரிகள் எழுதியிருப்பார். படிக்கிற ஒருவன் "சரி, இந்த எடிட்டரை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியும். இருபது முப்பது பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம் என்று எண்ணிக்கையும் சொல்கிறார். கொஞ்சம் கற்பனை மாதிரித்தான் இருக்கும், ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். கிறிஸ்துமஸுக்குள் ஏதாவது வந்துவிடும் என்று நம்பினார் மனுஷன், கேடிஈ 1.0 வந்தது 1998 ஜூலையில். தேதி விஷயத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான்.

அதே அறிவிப்பில் ஒரு பாடமும் இருக்கிறது. க்யூடி அன்று முழுமையான கட்டற்ற மென்பொருள் (யாரும் மாற்றிப் பகிரக்கூடியது) இல்லை, கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். அது பிடிக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை, 1997 ஆகஸ்டில் க்னோம் என்ற போட்டித் திட்டமே அதனால் தொடங்கியது. 2000இல் க்யூடி ஜிபிஎல்லுக்கு வந்த பிறகுதான் அந்தச் சண்டை தணிந்தது. உரிமம் என்பது தன்னார்வலர்களுக்குச் சின்ன எழுத்து விஷயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் ரெப்போவை (கிட்ஹப்பில் கோட் இருக்கும் இடம்) பற்றி நீங்கள் எழுதியதில் உரிமம் என்ற சொல்லே இல்லை. உரிமம் எதுவும் போடாத கோட் பொதுவில் கிடந்தாலும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது, வேறு ஒருவர் அதை மாற்றி வெளியிட அனுமதி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் லைசென்ஸ் ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், இல்லையென்றால் உங்களிடம் கேட்கக்கூட மாட்டார்கள், போய்விடுவார்கள். கூடவே, அனுப்புகிறவரின் கோடுக்கு யார் உரிமையாளர் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஓபன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் பங்களிப்பவர்கள் பதிப்புரிமையை அதை நடத்திய நிறுவனத்தோடு பகிர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, 2010இல் அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபீஸ் அந்தக் கையெழுத்தை எடுத்துவிட்டது. உங்கள் அளவில் "உங்கள் கோட் உங்கள் பெயரிலேயே இருக்கும், திட்டத்தின் உரிமத்தில் வெளியாகும்" என்று எழுதினால் போதும்.

இன்னும் பழைய அறிவிப்பு ஒன்று. 1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன், யூனிக்ஸ் இயங்குதளத்துக்குக் கட்டற்ற மாற்றான க்னூ திட்டத்தை அறிவித்தபோது பணம், இயந்திரம், நேரம் எல்லாம் கேட்டார். கேட்டதோடு ஒரு விளக்கமும் கொடுத்தார். பொதுவாக ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து பகுதி நேரமாக எழுதுவதை ஒருங்கிணைப்பது ரொம்பக் கடினம், தனித்தனியாக எழுதிய துண்டுகள் ஒன்றோடொன்று சேராது. ஆனால் இங்கே நாம் செய்வது யூனிக்ஸுக்கு மாற்று, ஒவ்வொரு கருவியும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எனவே நீங்கள் எழுதும் துண்டு யூனிக்ஸில் வேலை செய்தால் க்னூவிலும் வேலை செய்யும் என்கிற அர்த்தத்தில் எழுதியிருப்பார். என் அனுபவத்தில் ஆள் கேட்கிற எல்லோரும் மறப்பது இதைத்தான். வேலை துண்டாகுமா, துண்டின் எல்லை எது, முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்பதை ஆள் வருவதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தார் அவர். 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினுஸ் டோர்வால்ட்ஸ் இன்னொரு வழியில் போனார். ஆகஸ்டில் எழுதிய முதல் குறிப்பில் ஆளே கேட்கவில்லை, சும்மா பொழுதுபோக்குக்குத்தான் செய்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். அக்டோபரில் 0.02 பதிப்பு வந்தபோதுதான் நோண்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களே வாருங்கள் என்று அழைத்தார், அப்போது அவரிடம் பாஷ் என்ற கட்டளைக் கருவியும் ஜிசிசி கம்பைலரும் ஓடும் ஒரு கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, கையில் இருந்தது. என்ன ஓடும் என்று பெயர் பெயராகச் சொன்னார்.

இதற்கு எதிர்ப்பக்கம் மோசில்லா, நெட்ஸ்கேப் பிரவுசரின் கோடிலிருந்து பிறந்த திறந்தமூலத் திட்டம். 1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் பிரவுசரின் கோடைத் திறந்துவிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது, அதைவிடப் பெரிய அறிவிப்பு கிடைக்குமா? சரியாக ஒரு வருடம் கழித்து அதன் முக்கியமான ஆட்களில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி ராஜினாமா செய்து, ஏன் என்று நீளமாக எழுதினார். நூறு பேர் நெட்ஸ்கேப் ஊழியர்கள், வெளியிலிருந்து பகுதி நேரமாக வந்தவர்கள் முப்பது பேர் அளவில்தான் என்பது அவர் கணக்கு. காரணங்களில் அவர் சொன்ன ஒன்று, வெளியிட்டது ஓடுகிற பிரவுசராக இல்லை, சுவாரசியமான கோடின் பெரிய குவியலாக இருந்தது என்பது. ஓடாத ஒன்றை மாற்றிப் பார்த்து மகிழ முடியாது இல்லையா? மோசில்லா 1.0 வர 2002 ஜூன் ஆயிற்று. ஆக, விளம்பரம் குறைவாக இருந்ததால் ஆள் வரவில்லை என்று இனி நினைக்காதீர்கள்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, அறிவிப்பைப் படிக்கிறவர் இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை: இது என்ன செய்கிறது, யார் இப்போது பயன்படுத்துகிறார்கள், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, என்ன உரிமம், தன் கணினியில் ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், இன்றைக்கே எடுத்துச் செய்ய என்ன இருக்கிறது, கேள்வி வந்தால் யார் எப்போது பதில் சொல்வார்கள். இதில் "எது செய்யவில்லை" என்பதை எழுதத்தான் கை வராது. நூலகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் டேட்டா அழிகிறது என்று எழுதினால் திட்டத்தின் மானம் போய்விடும் என்று பயம். ஆனால் அந்த வரியைப் பார்த்துத்தான் தரவுத்தளம் தெரிந்த ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று எழுதிய இடத்தில் நான் எதற்கு?

"பைத்தான் தெரிந்தவர்கள் தேவை" என்பதை எடுத்துவிட்டு வேலையை எழுதுங்கள். ஓர் உதாரணம் தருகிறேன், உங்கள் மென்பொருளில் இது இருக்க வாய்ப்பு அதிகம். புத்தகத் தலைப்புகளைப் பைத்தானின் சாதாரண சார்ட்டில் அடுக்கினால் "களவு" முன்னாலும் "கவிதை" பின்னாலும் வரும். யூனிகோடில் ளகரத்தின் எண் வகரத்துக்கு முன்னால் இருப்பதுதான் காரணம். நம் அகராதியில் வகரம் முதலில், ளகரம் பிறகு. இதை இஷ்யூவாக (கிட்ஹப்பில் பிழையையோ வேலையையோ பதியும் குறிப்பு) எழுதும்போது "தமிழ் சார்ட்டிங் சரியில்லை" என்று ஒரு வரியில் விட்டுவிட்டால் யாரும் தொட மாட்டார்கள். என்ன வருகிறது, என்ன வர வேண்டும், எந்த ஃபைலில் எந்த ஃபங்ஷன், சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பத்துத் தலைப்புகள் கொண்ட ஒரு சோதனை, சுமார் எத்தனை மணி நேரம், இவ்வளவும் எழுதுங்கள். எழுத உங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகும், அந்த நாற்பது நிமிடத்தில் நீங்களே சரிசெய்துவிடலாம் என்று தோன்றும், தோன்றத்தான் செய்யும். அதை விட்டுக்கொடுப்பதுதான் ஆள் சேர்ப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. லிப்ரே ஆபீஸ்காரர்கள் "ஈஸி ஹேக்ஸ்" என்று இப்படி வைத்திருக்கிறார்கள், கோடில் எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டி, கடினம் எவ்வளவு, எந்தத் திறமை வேண்டும் என்றெல்லாம் போட்டு. அவர்களிடம் இருந்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த மென்பொருளின் மூதாதையான ஸ்டார் ஆபீஸ் ஜெர்மனியில் பிறந்தது, கோடுக்குள் ஆயிரக்கணக்கில் ஜெர்மன் மொழிக் குறிப்புகள். அவற்றை ஆங்கிலத்தில் மாற்ற ஆட்களைக் கூப்பிட்டார்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் புலியாக இருக்க வேண்டாம், ஜெர்மன் தெரிந்தால் போதும், ஆனால் அந்த வேலையைச் செய்து முடிப்பதற்குள் கோடை இறக்குவது, பில்ட் செய்வது (கோடை ஓடும் மென்பொருளாக்குவது), பேட்ச் (திருத்தம்) அனுப்புவது எல்லாம் பழகிவிடும்.

நிறுவும் வழிமுறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்கள் கணினியில் ஓடுவதை நம்பாதீர்கள், ஒன்றும் நிறுவாத ஒரு மெஷினில் ரீட்மீயில் (கோடோடு வைக்கும் அறிமுகக் குறிப்பு) எழுதியபடி மட்டும் செய்து பாருங்கள். முதல் தடவை நிச்சயம் எங்காவது நிற்கும்.

அறிவிப்பை விட முக்கியமானது அதற்கப்புறம் நடப்பது. மோசில்லா தன் பங்களிப்பாளர்களைப் பற்றிச் செய்த ஆய்வு ஒன்றில், அனுப்பிய கோடுக்கு 48 மணி நேரத்துக்குள் மதிப்பாய்வு கிடைத்தவர்கள் திரும்பி வருவது மிக அதிகமாக இருந்தது என்று கண்டார்கள். சின்னத் திட்டத்துக்கும் அதே 48தானா, 72 ஆனால் கெட்டுவிடுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் திசை சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் நானே ஒருவரை இழந்திருக்கிறேன். ஒரு கல்லூரி மாணவி என் லைப்ரரியில் கொம்புக் குறி இடம் மாறி விழும் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, சோதனையோடு அழகாகத் திருத்தம் அனுப்பினார். எனக்கு அந்த வாரம் அலுவலகத்தில் ரிலீஸ், அடுத்த வாரம் வீட்டில் ஒரு கல்யாணம், இருபத்து மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். பார்த்ததும் "சூப்பர், ஒரே ஒரு மாற்றம் மட்டும்" என்று எழுதினேன். அவர் பதிலே போடவில்லை. நான்தான் முடித்துச் சேர்த்தேன். அன்றே "பார்த்தேன், பதினைந்து நாள் கழித்துத்தான் உட்கார முடியும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இருந்திருப்பாரோ என்று இப்போதும் நினைப்பதுண்டு. உங்களால் வாரத்துக்கு ஒரு நாள்தான் முடியும் என்றால் அதையே அறிவிப்பில் போடுங்கள்: சனிக்கிழமை இரவு எல்லா கேள்விக்கும் பதில் சொல்வேன் என்று. முடியாத வேகத்தைக் காட்டி அழைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. குழு தவறில்லை, அரட்டைக்கும் ஊக்கத்துக்கும் நல்லதுதான். ஆனால் வேலை அங்கே நடந்தால் நேற்றுச் சேர்ந்தவருக்குப் போன மாதம் என்ன முடிவெடுத்தீர்கள் என்று தெரியாது, தேடினாலும் கிடைக்காது, நூறு குட்மார்னிங் படங்களுக்கு நடுவே எங்கோ கிடக்கும். ஃபோனில் பேசி முடித்ததாக இருந்தாலும் நாலு வரியில் அந்த இஷ்யூவிலேயே எழுதி வையுங்கள். அப்புறம் ஒன்று, பதினொரு பேர் இருக்கும் குழுவில் "யாராவது இதைச் செய்கிறீர்களா?" என்று கேட்டால் பதினொரு பேரும் மற்ற பத்துப் பேரைப் பார்ப்பார்கள். தனித்தனியாகக் கேளுங்கள், என்ன தெரியும், வாரம் எத்தனை மணி நேரம் முடியும், எதற்காக வந்தீர்கள் என்று. அதற்கேற்ற ஒரு இஷ்யூவின் இணைப்பைக் கொடுங்கள். இது ஒன்றுதான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பதினொரு பேரிடம் இன்றைக்கே செய்யக்கூடியது.

தமிழா ஆங்கிலமா என்பதில் என் கருத்து, இது கருத்துதான். மேலே சொன்ன களவு, கவிதை பிரச்சினையின் அருமை தமிழ் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் புரியும். எனவே அறிவிப்பையும் சின்ன வேலைகளின் விளக்கத்தையும் தமிழில் எழுதியது சரி. ரீட்மீயின் தலையில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருக்கட்டும், தேடுகிறவர்கள் கண்ணில் பட. கோடுக்குள் மாறிகளின் பெயரும் கமிட் செய்தியும் (ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் குறிப்பு) ஆங்கிலத்தில் இருப்பது நடைமுறைக்கு வசதி. விவாதம் எந்த மொழியிலும் நடக்கட்டும், "தப்பான இங்கிலீஷானாலும் பரவாயில்லை, தமிழிலும் எழுதலாம்" என்று பங்களிப்பு விதிகளில் ஒரு வரி சேர்த்த பிறகு என்னிடம் கேள்வி கேட்பவர்கள் கூடினார்கள். அந்த வரிதான் காரணமா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சான்றிதழ் கொடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கவனம். திறந்தமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது, 2020இல் ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் குப்பைகள் பெருகி, பராமரிப்பவர்கள் கொதித்துப்போய், சம்மதம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் எண்ணிக்கைதான் வரும். வெளியீட்டுக் குறிப்பில் பெயர் போடுங்கள், ஆறு மாதம் வேலை செய்தவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என்ன செய்தார் என்று விவரமாக ஒரு கடிதம் கொடுங்கள், அதில் தவறே இல்லை. "சேவை மனப்பான்மை" என்ற சொல்லையும் எடுத்துவிடுவேன் நான். வருகிறவர்களில் பலர் கற்றுக்கொள்ள வருகிறார்கள், சிலர் தங்கள் ஊர் நூலகத்துக்கு வேண்டும் என்று வருகிறார்கள், அவர்களை முதல் வரியிலேயே தியாகி ஆக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. களைத்துப்போயிருக்கும்போது நன்றாக வேலை செய்யும் ஒருவர் கிடைத்தால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடத் தோன்றும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, கூட்டுப் பராமரிப்பாளராகி, 2024 தொடக்கத்தில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளியில் சொன்னது மார்ச் 29. நூலகப் பட்டியலுக்கு யாரும் மூன்று வருடம் உளவு வேலை பார்க்க மாட்டார்கள்தான். இருந்தாலும் யாருக்கு எப்போது நேரடியாகக் கோட் சேர்க்கும் உரிமை கிடைக்கும் என்று முதலிலேயே எழுதி வைத்தால், பின்னால் நட்பையும் உரிமையையும் போட்டுக் குழப்ப வேண்டியிருக்காது.

எங்கே அறிவிப்பு போட்டால் ஆள் வரும், வீடியோ போட்டால் நல்லதா என்பதெல்லாம் எனக்கு உறுதியில்லாத பகுதி. என்னிடம் நிலைத்த நான்கு பேரில் மூன்று பேர் எந்த அறிவிப்பையும் பார்த்து வரவில்லை, லைப்ரரியைப் பயன்படுத்தி, பிழையில் மாட்டி, திட்ட வந்தவர்கள். அதனால் உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகங்களில் கணினி பார்த்துக்கொள்கிறவர் யார் என்று முதலில் விசாரிப்பேன், உதவிப் பக்கத்தின் கீழே "பிழை தெரிந்தால் இங்கே சொல்லுங்கள்" என்று ஒரு இணைப்பும் வைப்பேன். ரெப்போவின் இணைப்பை இங்கே போடுங்கள். ஞாயிறு மதியம் ஒரு காலி மெஷினில் ரீட்மீயைப் பார்த்து நிறுவிப் பார்க்கிறேன், எந்த வரியில் நின்றது என்று அன்றைக்கே எழுதுகிறேன். அதற்குள் லைசென்ஸ் ஃபைலை மட்டும் சேர்த்துவிடுங்கள்.